எல்லையோரத்தில் அடுக்குமாடி எழும்பினால் ஊருக்கு யார் சொல்வார்கள்? சுற்றுச்சூழல் அனுமதியும் பொது அறிவிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே எல்லையை ஒட்டி இருக்கும் ஊர்க்காரர்களுக்காக எழுதியது இது. தென்னந்தோப்பைச் சுற்றித் தகர வேலி வந்து, வாசலில் பன்னிரண்டு மாடிப் படத்தோடு பேனர் கட்டிய பிறகுதான் பெரும்பாலும் இந்தக் கேள்விகள் எழும். அதற்குமுன் எழுந்தால் நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன். கீழே சித்தூர் என்று வரும் இடமெல்லாம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் கடைசிக் கேள்வியில் மட்டும் வருகிறது.

எங்கள் ஊரில் பெரிய அடுக்குமாடித் திட்டம் வருகிறதாம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்?

நடக்காது. முதலில் இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நாடு முழுவதற்கும் பொருந்தும் விதி, 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. கட்டிடங்கள் 8(அ), நகரியங்களும் பகுதி மேம்பாட்டுத் திட்டங்களும் 8(ஆ). அதே அறிவிக்கையின் 7ஆவது பத்தி, மக்கள் கருத்துக் கேட்பு எவற்றுக்குத் தேவையில்லை என்று ஒரு பட்டியல் போட்டு, இந்த இரண்டையும் அதில் சேர்த்துவிட்டது. மத்திய அரசே நேரடியாகப் பரிசீலிக்கும் ‘ஏ’ பிரிவுத் தொழில் ஏதாவது திட்டத்துக்குள் இருந்தால்தான் இந்த விலக்கு கிடைக்காது. குடியிருப்புத் திட்டத்துக்குள் அப்படி எதுவும் வரப்போவதில்லை.

ஆகவே ஒரு சிமெண்ட் ஆலையோ பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கமோ வந்தால் கலெக்டர் தலைமையில் பந்தல் போட்டு உங்கள் கருத்தைக் கேட்பார்கள். ஆயிரம் குடும்பங்கள் குடியேறப்போகும், ஆயிரம் குடும்பங்களின் தண்ணீரையும் கழிவையும் உங்கள் ஊர் தாங்கவேண்டிய திட்டத்துக்குக் கேட்க மாட்டார்கள்.

ஏன் இந்த விலக்கு?

வீடு என்பது புகை கக்கும் ஆலை இல்லை, நகரத் திட்ட அலுவலகமும் உள்ளாட்சியும் எப்படியும் வரைபடத்தைப் பார்க்கத்தானே போகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம். எனக்கு இது ஒப்பவில்லை. வரைபட அனுமதி சாலை அகலம், உயரம், பார்க்கிங் பார்க்கும். ஊர்க் கிணறுகளில் தண்ணீர் என்ன ஆகும் என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

எவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்?

கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வேண்டும். நம் கணக்கில் சுமார் 2,15,000 சதுர அடி. 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் இருப்பவை 8(அ). 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டாலோ, நிலப்பரப்பு 50 ஹெக்டேரைத் தொட்டாலோ 8(ஆ). ஐம்பது ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 123 ஏக்கர்.

இரண்டையும் பரிசீலிப்பது மாநில அளவில்தான். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். அலுவலகங்களில் இந்த ஆணையத்தைச் ‘சியா’ என்பார்கள். 8(ஆ) திட்டத்துக்கு முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். 8(அ) திட்டத்துக்கு விண்ணப்பப் படிவமும் கருத்துரு வரைபடமும் போதும்.

கட்டுமானப் பரப்பு எது என்பதில்தான் விளையாட்டு நடக்கும். எல்லாத் தளங்களும், தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங் தளமும், சேவைப் பகுதிகளும் சேர்ந்ததுதான் கட்டுமானப் பரப்பு என்று அறிவிக்கையே சொல்கிறது. வரைபட அனுமதிக்குக் காட்டும் தளப்பரப்புக் குறியீட்டுக் (எஃப்.எஸ்.ஐ.) கணக்கு வேறு. அது எப்போதும் சிறியதாக இருக்கும். புனேயில் கோயல் கங்கா நிறுவனம் இந்த இரண்டையும் குழப்பி வாதாடிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்கவில்லை. நூறு கோடி ரூபாய் அல்லது திட்டச் செலவில் பத்து சதவீதம், இதில் எது அதிகமோ அதைக் கட்டச் சொன்னது. உங்கள் ஊர்த் திட்டம் ‘19,800 சதுர மீட்டர்தான்’ என்று யாராவது சொன்னால், பார்க்கிங் தளத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள்.

கட்டிடமே இல்லாமல் மனை மட்டும் பிரித்து விற்கிறார்கள். அதற்கும் இதெல்லாம் உண்டா?

50 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் இந்த அறிவிக்கை தொடாது. நம் பக்கத்து லேஅவுட்டுகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவைதான். ஒரே ஆள் பக்கத்துப் பக்கத்து நிலங்களை ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று தனித்தனிப் பெயரில் போட்டால், அவை உண்மையில் ஒரே திட்டமா என்று கேட்க இடம் இருக்கிறது. பொதுவான சாலை, பொதுவான தண்ணீர்த் தொட்டி, ஒரே விளம்பர நோட்டீஸ் எல்லாம் அதற்கு ஆதாரம்.

கேரளப் பக்கம் நிலம் வயலாக இருந்தால் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தனியாக வரும். அந்த சர்வே எண், வயல்களையும் ஈரநிலங்களையும் பதிந்து வைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலில் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) பார்க்கலாம். இருந்தால், அதை நீக்கக்கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) ஐந்தாம் எண் படிவத்தில் விண்ணப்பிக்காமல் மண் கொட்ட முடியாது.

அப்படியானால் பொது அறிவிப்பே கிடையாதா?

உண்டு. ஆனால் அனுமதி கொடுத்து முடிந்த பிறகு வரும். அறிவிக்கையின் 10ஆவது பத்தி (2009 டிசம்பரில் திருத்தப்பட்டது) சொல்வது இவ்வளவு:

அனுமதி கிடைத்துவிட்டது, அது எந்த இணையதளத்தில் இருக்கிறது என்ற விவரத்தைத் திட்டக்காரர் நாளிதழில் எடுப்பாக விளம்பரம் செய்ய வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலை உள்ளாட்சித் தலைவருக்கும் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகங்களுக்கும் கொடுக்க வேண்டும். வாங்கியவர்கள், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆணையமும் அமைச்சகமும் அரசு இணையதளத்தில் அதை ஏற்ற வேண்டும்.

இதற்கு மேல், அனுமதிக் கடிதங்களில் வழக்கமாகவே ஒரு நிபந்தனை இருக்கும்: கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள், அந்தப் பகுதியில் பரவலாக விற்கும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். உங்கள் ஊர்த் திட்டத்தின் கடிதத்தில் இந்த நிபந்தனை எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுதும் எல்லா மனுவிலும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டிவரும்.

‘எடுப்பாக’ என்று விதி சொன்னாலும், எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பெயர் மாற்றம், பத்திரம் காணவில்லை போன்ற விளம்பரங்களுக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் போட்டுவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டோம் என்பார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் பேசுவதும் படிப்பதும் தமிழ். விளம்பரம் மலையாளத்தில் வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

நிபந்தனையில் ‘வட்டார மொழி’ என்றுதான் இருக்கும். கேரளத்தில் திட்டம் என்றால் மலையாள நாளிதழ் ஒன்று, ஆங்கில நாளிதழ் ஒன்று என்று போட்டு முடித்துவிடுவார்கள். சித்தூர் தாலுகாவில் வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகளில் தமிழ் பேசுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தமிழில் விளம்பரம் தராதது மட்டும் அனுமதியை ரத்து செய்யப் போதுமான காரணம் என்று நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். அது துணைக் காரணமாக நிற்கும், தனியாக நிற்காது.

இதற்கு வேறு வழி இருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், அதே மொழியில் பதில் பெறலாம் என்கிறது. அரசியலமைப்பின் 350ஆவது பிரிவும், குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. ஆக, ‘அனுமதிக் கடிதத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்’ என்று பஞ்சாயத்து செக்ரட்டரிக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது இன்னும் நல்லது. வார்டு மெம்பர் தமிழ் பேசுகிறவராக இருந்தால் கிராமசபையிலேயே எழுப்பச் சொல்லலாம். கேரளத்தில் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், க.க.சாவடியிலோ ஆனைமலையிலோ திட்டம் என்றால் இந்தத் தலைவலி இல்லை. விளம்பரம் தமிழில் வந்துவிடும், கண்ணில் படுகிறதா என்பதுதான் பிரச்சினை.

பஞ்சாயத்தில் எதையும் ஒட்டவே இல்லை. என்ன செய்வது?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். திட்டக்காரர் நகலைக் கொடுத்திருக்க மாட்டார். அல்லது கொடுத்தது ஃபைலுக்குள் போயிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிக் கடித நகல் எந்தத் தேதியில் வந்தது, அறிவிப்புப் பலகையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அதற்கான பதிவேட்டுப் பக்கத்தின் நகல். ‘ஏன் ஒட்டவில்லை’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது. தேதியையும் ஆவணத்தையும் கேட்டால் தப்பிப்பது கடினம்.

பதில் வர 30 நாள் ஆகலாம். கீழே சொல்லப்போகும் மேல்முறையீட்டுக் கெடுவும் 30 நாள்தான். அதனால் பதிலுக்காகக் காத்திருக்காமல், அன்றைக்கே அறிவிப்புப் பலகையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

அனுமதி கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது. யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

2018 முதல் விண்ணப்பங்கள் எல்லாம் ‘பரிவேஷ்’ என்ற மத்திய இணையதளம் வழியாகத்தான் போகின்றன. மாநில அளவிலான விண்ணப்பத்துக்கு எஸ்.ஐ.ஏ. என்று தொடங்கும் எண் இருக்கும். அதற்கடுத்து கேரளம் என்றால் கே.எல்., தமிழ்நாடு என்றால் டி.என். கட்டிடத் திட்டங்கள் உள்கட்டமைப்புப் பிரிவில் வரும். மாவட்டத்தை வைத்துத் தேடினால் விண்ணப்பப் படிவம், வரைபடம், சில சமயம் நிலப் பத்திர நகல் வரை கிடைக்கும். தளம் அடிக்கடி மக்கர் பண்ணும், இரவு நேரத்தில் முயன்று பாருங்கள்.

அப்புறம், நிபுணர் குழுவும் ஆணையமும் தங்கள் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் மினிட்ஸையும் வெளியிடுகின்றன. திட்டத்தின் பெயர், சர்வே எண், கிராமத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். தேடும்போது கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள்; கொழிஞ்சாம்பாறைக்கே பல எழுத்துக்கூட்டல் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் சரியாக இருந்தால் நிபுணர் குழுவுக்கு 60 நாள், பிறகு ஆணையத்துக்கு 45 நாள் என்பது விதியில் உள்ள கால அளவு. நீங்கள் எழுதிப்போட வேண்டியதெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான்.

இன்னொரு நுணுக்கம். ஆணையத்தின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அது முடிந்து புதிய ஆணையம் அமையாமல் இருந்தால், அந்த இடைவெளியில் மாநிலத் திட்டங்களை டெல்லியே பரிசீலிக்கும். திருவனந்தபுரத்து நிகழ்ச்சி நிரலில் திட்டத்தைக் காணவில்லை என்றால் டெல்லிக் குழுவின் நிரலையும் பாருங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தையும் விட்டுவிடாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவில் மொத்தப் பரப்பு, எத்தனை பிளாக், எந்த ஆண்டு முடியும் என்பதெல்லாம் இருக்கும். அங்கே காட்டிய பரப்பும் சுற்றுச்சூழல் விண்ணப்பத்தில் காட்டிய பரப்பும் ஒத்துப்போகாவிட்டால், அதுவே உங்கள் ஆட்சேபனையின் முதல் வரி.

கூட்டம்தான் இல்லை. கடிதமாவது அனுப்பலாமா, படிப்பார்களா?

அனுப்பலாம். நிபுணர் குழு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லத் திட்டக்காரரை அழைப்பார்கள். உங்களை அழைக்க அவர்களுக்குக் கடமை இல்லை. ஆனால் கடிதம் ஃபைலில் சேர்ந்துவிட்டால், அதைக் கண்டுகொள்ளாமல் அனுமதி கொடுத்தது பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் கேள்வியாகும். அதற்காகவே எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இயற்கையை அழிக்கிறார்கள்’ என்று நான்கு பக்கம் எழுதினால் அது ஃபைலில் தூங்கும். விண்ணப்பதாரர் நிரப்பிய 1ஏ படிவத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலம், நீர், தாவரம், விலங்கு, காற்று, சமூக பொருளாதாரம், கட்டுமானப் பொருள், மின்சாரச் சிக்கனம் என்று தலைப்பு வாரியாகக் கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் அதில் இருக்கும். ஒவ்வொரு பதிலையும் உங்கள் ஊரோடு ஒப்பிடுங்கள்.

உதாரணமாகத் தண்ணீர். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம். சித்தூர் பிளாக் பல ஆண்டுகள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதியாகவே பட்டியலில் இருந்தது. பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராக ஊர் எழுந்ததும், 2004இல் அந்த ஆலை நின்றதும் இதே தாலுகாவில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ‘தண்ணீர்த் தேவை: உள்ளாட்சி வழங்கும்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால், பஞ்சாயத்து அப்படி எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறதா, கோடையில் வார்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எத்தனை ஆழ்துளைக் கிணறு போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிய பில் இருந்தால் அதன் நகலை இணையுங்கள். வறண்ட கிணற்றின் போட்டோவுக்குப் பின்னால் சர்வே எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

‘அருகில் நீர்நிலை இல்லை’ என்று டிக் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் பக்கம் ஏரி, குளம், ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால் எதுவும் இல்லாத இடம் அபூர்வம். வேண்டுமென்றே மறைத்தாலோ தவறான தகவல் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியை ரத்தும் செய்யலாம் என்று அறிவிக்கையின் 8ஆவது பத்தி சொல்கிறது. என் அனுபவத்தில் உணர்ச்சியாக எழுதிய பத்துப் பக்கத்தைவிட, கிராம வரைபடத்தில் வாய்க்காலைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டிய ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், இரண்டின் ரசீதும் பத்திரம்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்கிறார்களே, எந்த நாளிலிருந்து?

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 16ஆவது பிரிவின்படி, உத்தரவு ‘தெரிவிக்கப்பட்ட’ நாளிலிருந்து 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் தரலாம். மொத்தம் 90 நாள் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும், தீர்ப்பாயத்துக்கே அதைத் திறக்க அதிகாரம் இல்லை.

யாருக்குத் தெரிவித்த நாள் என்பதுதான் இத்தனை வழக்குகளுக்கும் காரணம். திட்டக்காரருக்குக் கடிதம் போன நாளா, இணையதளத்தில் ஏற்றிய நாளா, பேப்பரில் விளம்பரம் வந்த நாளா, பஞ்சாயத்தில் ஒட்டிய நாளா? 2013இல் சேவ் மான் ரீஜன் ஃபெடரேஷன் வழக்கில் தீர்ப்பாயம், பொதுமக்களைப் பொறுத்தவரை விதி சொன்ன முறையில் முழுமையாகத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று பார்த்தது. ஆனால் இந்த வாதத்தை நம்பி நாளைத் தள்ளிப்போடுவது ஆபத்து. இணையதளத் தேதி, விளம்பரத் தேதி, பலகைத் தேதி மூன்றில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணுங்கள். தாமதமான தேதியை வக்கீல் வாதாடட்டும். நீங்கள் முந்திய தேதிக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் மூன்றுக்கும் அதுதான். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தமிழ், மலையாள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். அந்தச் செலவையும் நாட்களையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

வீடு தமிழ்நாட்டில், கட்டிடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில். எனக்குக் கேட்க உரிமை உண்டா?

உண்டு. மேல்முறையீடு செய்யப் ‘பாதிக்கப்பட்ட எவரும்’ வரலாம் என்கிறது சட்டம். எந்த மாநிலத்து ரேஷன் கார்டு என்று கேட்கவில்லை. நிலத்தடி நீர் செக்போஸ்ட்டில் நின்று போவதில்லையே.

மாநில எல்லைக்கு அருகில் இருந்தால் ஃபைல் டெல்லிக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ‘பொது நிபந்தனை’ என்ற விதி. எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் (2014க்கு முன் 10) வரும், வழக்கமாக மாநிலம் பார்க்கும் ‘பி’ பிரிவுத் திட்டத்தை மத்திய அரசே பரிசீலிக்கும். கட்டிடங்களுக்கு இது பொருந்துமா என்று நீண்ட காலம் இழுபறி. 2025 ஜனவரி 29 அறிவிக்கை பொருந்தாது என்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ஏற்றுக்கொண்டது. அதே அறிவிக்கையில் தொழிற்கூடம், பள்ளி, கல்லூரி, விடுதிகளுக்குக் கொடுத்த விலக்கை மட்டும் ரத்து செய்தது. ஆகவே எல்லைச் சுவரை ஒட்டிக் கட்டினாலும், குடியிருப்புக்கு அந்தந்த மாநில ஆணையம்தான்.

அனுமதி வாங்காமலே தூண் எழுப்பிவிட்டார்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாமாமே?

இது இப்போதும் கொதிக்கும் விஷயம். பின்தேதி அனுமதியே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 16 அன்று தீர்ப்பளித்தது. நவம்பர் 18 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்று, புதிதாக விசாரிக்க அனுப்பியது. உங்களுக்கு இதில் வேலை ஒன்றுதான்: வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத் தேதியோடு படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆணையத்துக்கும் உடனே புகார் எழுதுவது. விதிமீறல் தொடர்பான மனுவுக்குத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதக் கெடு. அது பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஓடும்.

எதிலுமே முன்கூட்டி எங்களைக் கேட்பதில்லையா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதி வரைவில் கேட்டார்கள். 2014 மார்ச்சில் முதல் வரைவு, 2024 ஜூலை 31 அன்று ஆறாவது வரைவு. ஒவ்வொன்றிலும் ஆட்சேபனை சொல்ல 60 நாள். அந்தப் பட்டியலில் உள்ள கிராமங்களில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டிடத் திட்டங்களுக்குத் தடை என்பது வரைவின் ஓர் அம்சம். வரைவில் சேர்த்த பரப்பு கேரளத்தில் 9,993.7 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 6,914. மலையடிவாரத்துக்காரர்கள் தங்கள் வருவாய்க் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஓர் அடுக்குமாடிக்கு ஒரு கூட்டம் கிடைக்காத நாட்டில், ஒரு மலைத்தொடருக்கு ஆறு முறை கருத்துக் கேட்டிருக்கிறார்கள்!

கருத்துக் கேட்புக் கூட்டம் உள்ள திட்டங்களில் அறிவிப்பு எப்படி?

ஒரு தேசிய நாளிதழ், ஒரு வட்டார மொழி நாளிதழ், குறைந்தது 30 நாள் அவகாசம். பேப்பர் போகாத இடத்தில் தண்டோரா போட வேண்டும் என்றுகூட விதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தண்டோராவையே தடை செய்துவிட்டார்கள், இப்போது ஆட்டோவில் மைக்தான். அவகாசத்தை 20 நாளாகக் குறைக்க, 2006 அறிவிக்கைக்குப் பதிலாக 2020இல் வந்த புதிய அறிவிக்கை வரைவு முயன்றது. அந்த வரைவை எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம்.

அரசே கட்டும் வீடுகளுக்கு?

கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃப் மிஷன் என்றாலும், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றாலும் பரப்பளவு வரம்பு ஒன்றுதான். அரசுக்குத் தனி விலக்கு இல்லை.

நான் எதிர்க்கிறவன் இல்லை, அங்கே ஃபிளாட் வாங்கப் போகிறவன். எனக்கு இதில் என்ன?

உங்களுக்குத்தான் அதிகம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகளாக இருக்கும். குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்ற பிறகு அந்த நிபந்தனைகள் உங்கள் தலையில் விழும். திட்டக்காரர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைசி இரண்டு அறிக்கைகளைக் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி விழித்தால், தொகையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திர எல்லையில், திருத்தணி, சித்தூர், நகரி பக்கமும் இதேதானா?

மத்திய விதி என்பதால் ஆமாம். திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கே தமிழ்நாட்டு ஆணையம்தான். சித்தூர், நகரி என்றால் ஆணையம் ஆந்திரத்துடையது, விளம்பரம் தெலுங்கில் வரும். தீர்ப்பாயம் எல்லாவற்றுக்கும் அதே சென்னை. கேரளத்து நெல்வயல் சட்டம் மட்டும் அங்கே பொருந்தாது.